புகை சாய்ந்த பக்கம்

அன்று சாப்பாட்டு அறையில் ஐந்து பேர் இருந்தோம். நிலையத் தலைவர் கோபிநாத மேனன். மருத்துவர் சையது இப்ராஹிம், ஆம்பூர்க்காரர். சமையல் செய்த நேகி, இமயமலைப் பக்கத்து ஆள். உங்கள் அப்பா தங்கப்பழம். பிறகு, லோகாம்பாள் ஆகிய நான். மற்றவர்கள் எல்லாரும் கப்பலில் சாமான் ஏற்றப் போய்விட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், 'அனைவர் முன்னிலையிலும் அவமானப்படுத்தப்பட்டார்' என்று என் கையெழுத்துக்காகக் கொண்டுவந்த கடிதத்தில் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அனைவரும் அல்லர், எஸ்தர். நான்கு பேர். அந்த நால்வரில் நேகிக்குத் தமிழ் தெரியாது. உங்கள் அப்பா சொல்லிக்கொடுத்த வசவுகள் மட்டும் தெரியும்.

உட்காருங்கள். காப்பியைக் குடியுங்கள். நாகர்கோவிலிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்திருக்கிறீர்கள். உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு கிடக்கிறார், கண் விழிக்கும்போதெல்லாம் 'மேடம் எழுதிட்டாங்களா' என்று கேட்கிறார் என்றீர்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் வருத்தப்பட்டு நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. அண்டார்க்டிகாவில் குளிர்காலம் முழுவதும் தங்கிய எங்கள் அணியில் பெண் நான் ஒருத்திதான். அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தின் வெப்பக் கணக்கு முழுவதும் நான் போட்டது. வெளியே மைனஸ் முப்பது, உள்ளே இருபது. இந்த ஐம்பது டிகிரி வித்தியாசத்தைத் தாங்க எவ்வளவு எண்ணெய் எரிய வேண்டும் என்பது என் தாளில் இருந்தது. அந்தத் தாளைச் சரிபார்க்கத்தான் நானே போய்த் தங்கினேன். உங்கள் அப்பா ஜெனரேட்டரையும், சூடாக்கும் கொதிகலனையும், தண்ணீர்க் குழாய்களையும் பார்த்துக்கொள்ள வந்த மெக்கானிக். நல்ல வேலைக்காரர். இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கண்டத்தின் நடுமேட்டில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் உருண்டு கடலைப் பார்த்து இறங்கும். எப்போதும் தென்கிழக்கிலிருந்துதான். மணிக்கு நூற்றைம்பது, நூற்றறுபது கிலோமீட்டர். பாமரர்கள் என்ன நினைப்பார்கள்? அவ்வளவு காற்று அடித்தால் சுவரிலிருந்து சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும் என்று நினைப்பார்கள். தவறு. உங்கள் கையிலுள்ள காப்பியை ஊதினால் ஆறும். அதையே ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடிவிட்டு, வெளியிலிருந்து ஊதிப்பாருங்கள். ஆறாது. எங்கள் சுவர் ஒரு சாண் தடிமனுள்ள நுரைப்பலகை, இருபுறமும் உலோகத் தகடு. புயலே அடித்தாலும் அந்தச் சுவர் வழியாகப் போகும் சூடு நூற்றில் ஒன்றரைப் பங்குக்கு மேல் அதிகரிக்காது. இதை நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். உலகத்தில் யாரும் இதை மறுத்ததில்லை.

மூடி சரியாக இருந்தால், என்று ஒரு நிபந்தனை உண்டு. அதற்கு வருகிறேன்.

மே மாதம் என் கணக்கும் கொதிகலனும் ஒத்துப்போயின. ஜூனில் புயல் தொடங்கியது. புயல் நாள்களில் மட்டும் என் கணக்கைவிட ஒன்றரை மடங்கு எண்ணெய் எரிந்தது. நான் உங்கள் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கதவைத் திறந்து போட்டுவிட்டு வேலை செய்கிறீர்களா, தங்கப்பழம்?"

"இல்ல மேடம். செவுரு மூச்சு விடுகு."

"சுவர் மூச்சு விடாது."

"நெசமாட்டு சொல்லுகேன். எங்க ஆரல்வாய்மொழியில காத்து கேறுனா ஓட்டு இடுக்குல விசிலடிக்கும். எந்த ஓடுன்னு கண்ண மூடிட்டுச் சொல்லலாம். இங்க ஒரு சத்தமும் இல்ல. சத்தமில்லாம உள்ள வந்துட்டுப் போகு. அதான் எனக்குப் பேடியா, பயமாட்டு இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்த இப்ராஹிம் சிரித்தார். "டாக்டரம்மா, நான் வேணா ஸ்டெத்தஸ்கோப்ப வெச்சுப் பாத்துச் சொல்லட்டுமா? நெஞ்சு சளியா, சாதா சளியான்னு?"

எனக்கு வேடிக்கைப் பேச்சு பிடிக்காது. கோடையில், காற்றே இல்லாத ஒரு நாளில், ஒவ்வொரு பலகை இணைப்பையும் நானே விரலால் தடவிச் சோதித்திருக்கிறேன். ஒன்றிலும் இடைவெளி இல்லை. ஆகவே கதவுகள்தாம் காரணம் என்று முடிவு செய்தேன். இனிமேல் எந்தக் கதவும் ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது, மீறினால் தங்கப்பழமே பொறுப்பு என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டேன். ஜூலை முதல் வாரத்தில் எண்ணெய்ச் செலவு கண்முன்னே இறங்கியது. பார்த்தீர்களா? கண்டிப்பு வேலை செய்தது என்று மேனனிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மேனன் எதற்கும் தலையை ஆட்டுவார்.

ஜூலைப் பதினாறு. மூன்றாவது நாளாகப் புயல். கட்டடம் கால்களின் மேல் நிற்பதால் தரைக்கடியில் காற்று போகும் அதிர்வு உள்ளங்காலில் தெரியும். நான் தென்கிழக்குத் தாழ்வாரத்துக்குப் போனேன். அங்கே உங்கள் அப்பா சுவரைப் பார்த்து நிற்கிறார். கையில் கொளுத்திய ஊதுபத்தி. அதைச் சுவரின் மூலையில் மேலே தூக்குகிறார், மெதுவாகக் கீழே இறக்குகிறார், முழங்கால் உயரத்தில் நிறுத்திக் குந்துகிறார். உதடு முணுமுணுக்கிறது. பிறகு அடுத்த பலகைக்கு நகர்ந்து மறுபடியும் அதே தூக்கல், அதே இறக்கல்.

என்ன நினைப்பீர்கள் நீங்கள்? ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், கொதிகலன் எரிகிற நேரத்தில், பொறுப்பான மெக்கானிக் சுவருக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டிருக்கிறார்.

"இது என்ன கோயிலா?" என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "இல்ல மேடம், நான் வந்து, இந்தப் பொக என்ன செய்யுகுன்னா…"

"நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். சமையலறையைத் தவிர வேறெங்கும் தீ கூடாது என்பது விதி. படித்தீர்களா, இல்லையா?"

"படிச்சேன் மேடம். ஆனா எங்க வீட்டுல இந்த…"

"உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்பது எனக்குத் தேவையில்லை."

அப்படித்தான் சொன்னேன். சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. ஊதுபத்தி எல்லாம் நேகியுடையவை. தன் சாமி படத்துக்காகக் கொண்டுவந்தவற்றை உங்கள் அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார். பதினொரு பாக்கெட். எல்லாவற்றையும் வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நேகிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இரங்கவில்லை. நுரைப்பலகையாலான கட்டடத்தில் தீப்பிடித்தால் ஓட இடம் இல்லை. விதி சரியான விதி. இன்றைக்கும் அதே விதி அங்கே இருக்கிறது, விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் கழித்து மேனன் வந்தார். "மேடம், அவன் ஏதோ காத்து பாக்கணும்னு சொல்றான். அந்த பத்தியில ஒரு அஞ்சாறு கொடுத்தா என்ன?"

"காற்றைப் பார்ப்பதற்குக் கம்பத்தில் கருவி இருக்கிறது," என்றேன். "அதன் அளவு இருபத்து நான்கு மணி நேரமும் உங்கள் அறையிலேயே தெரிகிறதே."

தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் ஐந்து நாள் புயல். நான்காவது நாள், தென்கிழக்கு மூலையில் குளியலறைச் சுவருக்குப் பின்னால் போகும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. தண்ணீர் பாய்ந்து, பாய்ந்த இடத்திலேயே பனிக்கட்டியானது. அந்தப் பக்கத்து ஹீட்டர்கள் எல்லாம் ஷார்ட் ஆகி அணைந்தன. அடைப்பதற்கான வால்வு தரைக்கடியில், ஓர் ஆள் ஊர்ந்து போகும் இடைவெளியில் இருந்தது. உங்கள் அப்பா போனார். நனைந்த கையுறையோடு நாற்பது நிமிடம். வால்வை அடைத்துவிட்டார். அடைக்காமல் இருந்திருந்தால் கட்டடத்தின் பாதியை நாங்கள் இழந்திருப்போம். அதை நான் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறேன், மூன்றாம் பத்தியில். இடது கையில் இரண்டு விரல்களின் நுனி கறுத்துவிட்டது. இப்ராஹிம் ஒரு வாரம் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார். அன்று மட்டும் அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை.

குழாய்களை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பதிவேட்டின் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். குழாய் வெடித்த அன்று நண்பகல் கட்டம் காலியாக இருந்தது. அந்த நேரத்தில் அவர் தரைக்கடியில்தான் இருந்தார் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் கட்டம் காலியாகத்தானே இருந்தது? அறிக்கை எழுதுகிறவள் இருப்பதை எழுதுவாள். 'நண்பகல் சோதனை பதிவாகவில்லை. மேற்படி ஊழியர் பணி நேரத்தில் தீ மூட்டி வழிபாடு செய்ததற்காக முன்னரே எச்சரிக்கப்பட்டவர்.' இரண்டு வாக்கியம். இரண்டில் எந்தச் சொல் பொய்? நான் பொய் எழுதவில்லை.

டிசம்பரில் கப்பல் வந்தது. சாப்பாட்டு அறையில் அந்தக் கூட்டமும் நடந்தது. நான் அறிக்கையைப் படித்தேன். மேனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மேடம், அந்த வரி வேணுமா? பூஜைன்னு வர்ற வரி? அந்த ஒரு வரியால அவனோட சர்வீஸே போயிடும்."

"நடந்ததா இல்லையா?" என்றேன்.

"நடந்துது. ஆனா…"

"ஆனால் என்பதற்கு அறிக்கையில் இடமில்லை."

இப்ராஹிம் மேசையைத் தட்டினார். "ரெண்டு விரல் போச்சேம்மா அந்த மனுஷனுக்கு. அதுக்காவது அறிக்கையில இடமிருக்கா?"

"இருக்கிறது. மூன்றாம் பத்தி."

மேனன் உங்கள் அப்பாவைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. ஒரு மாணவன் தெரிந்த விடையை ஆசிரியர் சொல்லட்டும் என்று காத்திருப்பானே, அதுபோல. "மேடத்துக்குத் தெரியும்," என்றார். அவ்வளவுதான்.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா?

சொல்கிறேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கூட்டம் முடிந்த பிறகு, பொருள்களைக் கட்டும்போது, தாழ்வாரத்துச் சுவரில் பென்சில் குறிகளைக் கண்டேன். பலகையும் பலகையும் சேரும் இடங்களில், சிறிய அம்புக்குறி, ஒரு தேதி, இரண்டு எண்கள். முதல் எண் அந்த நேரத்துக் காற்றின் வேகம். இரண்டாவது எண் எனக்கு உடனே புரியவில்லை. ஒன்று, ஒன்றரை, மூன்று, நான்கு. பிறகு புரிந்தது. விரற்கடை, ஒரு விரலின் அகலம். ஊதுபத்திப் புகை நேராக எழும்பாமல் உள்பக்கமாக எத்தனை விரற்கடை சாய்ந்தது என்று அளந்து எழுதியிருக்கிறார். உதடு முணுமுணுத்தது அதை எண்ணத்தான். முப்பத்தேழு குறிகள். ஒன்றைத் தவிர மற்ற ஒவ்வொரு குறியின் கீழும் இணைப்புக்குள் கம்பளித் துணி நறுக்கித் திணித்துப் பசை பூசியிருந்தது. ஜூலை முதல் வாரத்தில் எண்ணெய் குறைந்தது என்றேனே. கதவுகளால் அல்ல.

இல்லை. தவறாகச் சொல்கிறேன். ஒரு தேதியைத் தவறாகச் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. குறிகளைக் கண்டது கூட்டத்துக்குப் பிறகு அல்ல. மூன்று நாள் முன்பு.

அப்படிப் பார்க்காதீர்கள். சரிபார்க்கப்படாத ஒன்றை ஓர் அறிவியலாளர் அறிக்கையில் எழுத முடியாது. சுவரில் யாரோ பென்சிலால் கிறுக்கிய எண்கள். அவற்றைப் படியெடுத்து, ஊருக்கு வந்து, எட்டு மாதம் உழைத்துத்தான் அவற்றுக்குப் பொருள் கண்டேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சுவரின் மீதான அழுத்தம் நான்கு மடங்காகும். குளிரில் பலகைகள் சுருங்கி, கோடையில் இல்லாத இடைவெளி மயிரிழை அளவு திறக்கும். கட்டடம் சூட்டை இழப்பது சுவர் வழியாக அல்ல, அந்த மயிரிழை வழியாக. நான் காற்றில்லாத நாளில் சோதித்தேன். புயலடிக்கிற நாளில்தான் சோதிக்க வேண்டும். என் பெயரில் வந்த கட்டுரைகளிலேயே அதிகம் படிக்கப்பட்டது அதுதான். அதன் பிறகு எங்கே துருவக் கட்டடம் கட்டினாலும் என்னைக் கேட்காமல் கட்டியதில்லை. புகையின் சாய்வை எப்படி அளந்தீர்கள் என்று நார்வேயில் ஒருவர் கேட்டார். 'கள அளவீடு' என்றேன். அதுவும் பொய் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடைசிக் குறியின் தேதி ஜூலைப் பதினாறு. தென்கிழக்குத் தாழ்வாரத்தில், குழாய் வெடித்த குளியலறைச் சுவருக்கு இரண்டு பலகைகள் முன்னால். அம்புக்குறி மட்டும் இருந்தது. எண் எழுதவில்லை, துணியும் அடைக்கவில்லை. அப்போதுதான் நான் கூப்பிட்டேன்.

இரண்டு பலகைகள், எஸ்தர்.

வாசலில் நீங்கள் பெயர் சொன்னபோது மறுபடியும் சொல்லச் சொன்னேன், கவனித்தீர்களா? வயதானதால் காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். எஸ்தர் என்று மகளுக்குப் பெயர் வைத்த மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலில் தனியாக உட்கார்ந்து ஒரு கறுப்பு அட்டைப் புத்தகத்தைப் பார்த்து ஏதோ பாடுவார். சினிமாப் பாட்டு என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு சிறிய இடத்தில் ஓராண்டு சேர்ந்து இருந்தோம். என்ன சொன்னீர்கள்? உங்கள் சபையில் மெழுகுவத்திகூடக் கிடையாதா? ஊதுபத்தி வீட்டுக்குள்ளேயே வந்ததில்லையா?

'எங்க வீட்டுல இந்த…' என்றுதான் அன்று தொடங்கினார்.

ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் நான். ஒரே ஒரு கேள்வி. கேட்கவில்லை. புகையைப் பார்த்ததும் எனக்கு விடை தெரிந்துவிட்டது. என் அத்தையும் பாட்டியும் புகையும் மணியுமாக வாழ்ந்து என்னைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தவர்கள். அந்தப் புகையிலிருந்து வெளியே வரத்தான் நான் படித்தேன். அது வேறு கதை. அதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

சரி. கடிதத்தைக் கொடுங்கள். கண்ணாடி எங்கே? இதோ.

'வழிபாடு என்று அறிக்கையில் எழுதியது தவறு.' ஆம். தவறுதான். இதற்குக் கையெழுத்திடுகிறேன். 'நண்பகல் சோதனை தவறியதற்கு அவர் பொறுப்பல்லர்.' இதுவும் சரி. பணியிலிருந்து திருப்பி அனுப்பியது, அதன் பின் இருபது ஆண்டு ஒரே படியில் நிறுத்தியது, எல்லாம் அந்த வரியால் என்கிறீர்கள். இருக்கலாம். அது என் கையில் இல்லை, ஆனாலும் போடுகிறேன். பாருங்கள், நான் கல்நெஞ்சக்காரி அல்ல.

இந்தக் கடைசி வரி. 'துருவக் கட்டடங்களில் காற்றால் சூடு எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் தங்கப்பழம்.'

இங்கே ஒரு சொல்லை மாற்ற வேண்டும். 'கண்டுபிடித்தவர்' அல்ல. 'கவனித்தவர்.' புகை சாய்வதைக் கண்ணுள்ள எவரும் கவனிக்கலாம். கண்டுபிடிப்பது வேறு. அதற்குக் கணிதம் வேண்டும். முப்பத்தேழு குறிகளை ஒரு விதியாக்கியது யார்? முப்பது ஆண்டுப் படிப்பு அது. உங்கள் அப்பாவைக் குறைத்துச் சொல்லவில்லை. கவனித்தவர் என்பது பெரிய சொல் அம்மா. நான் அதைச் சாதாரணமாக யாருக்கும் கொடுப்பதில்லை. இதோ, நானே அடித்து மேலே எழுதிவிடுகிறேன். ஓரத்தில் நீங்கள் ஒப்புக்கொண்டு ஒரு சிறு கையெழுத்து போடுங்கள், கீழே நான் போடுகிறேன். மாலைப் பேருந்தைப் பிடித்தால் காலையில் அவர் கையில் கொடுத்துவிடலாம்.

ஏன் பேனாவை வாங்கவில்லை?

ஒரு சொல்தானே. அவருக்கு வாசித்துக் காட்டும்போது நீங்கள் எப்படி வாசித்தால் என்ன, அவருக்குத் தெரியவா போகிறது? அந்தத் தாள் என் பெயரோடு ஓர் அலுவலகத்தில் இருக்கப்போகிறது. எனக்கு அது முக்கியம்.

எழுந்துவிட்டீர்கள். காப்பியை நீங்கள் தொடவே இல்லை. கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நான் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கிழித்துவிடாதீர்கள், அதில் மூன்று வாக்கியம் நான் ஒப்புக்கொண்டவை. எஸ்தர், ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள். திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். அன்றைக்கு இப்ராஹிம்கூட என்னைத் திட்டினார்.

படியில் இறங்கிவிட்டீர்களா?

கதவு… கடல்காற்று உள்ளே வருகிறது. மேசையில் தாள்கள் எல்லாம் பறக்கின்றன, எஸ்தர். உங்கள் அப்பாவும் அன்று அறிக்கையில் கையெழுத்து வைத்துவிட்டு, விரல் நுனி இழந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இப்படித்தான் எழுந்து போனார். ஆனால் அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.